'திடீரென' என்ற சொல்லும் இதய நாடியின் சுவரும்

எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களுக்கென்று தனியான ஒரு மொழிநடை உண்டு. சைவர்கள் சிவபதமடைவார்கள். கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள். சமயம் எதுவாக இருந்தாலும் மாரடைப்பினால் இறந்தவரின் அறிவித்தலில் அனேகமாக ஒரு சொல் வந்து சேர்ந்துகொள்ளும். 'திடீரென' என்பதே அது. மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவன் என்ற வகையில், அந்தச் சொல்லை எத்தனை அச்சுப்பிரதிகளில் கண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. குடும்பத்தவரின் அதிர்ச்சியைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மையான சொல். ஆனால், இறந்தவரின் இதயத்தில் நடந்ததைப் பொறுத்தவரை அப்படிக் கூறுவதற்கில்லை. அந்த மரணம் இருபது, முப்பது வருடங்களாக மெல்ல மெல்லத் தயாராகிக்கொண்டிருந்தது. அதை எவரும் காணவில்லை என்பதே விடயம்.

முன்கூட்டியே காண்பதற்கு வழி இருக்கிறதா? கண்டாலும் அதனால் என்ன பயன்? கலைப்பட்டதாரியான எனக்கு மருத்துவத்தில் எந்தத் தகைமையும் இல்லை. இந்தக் கேள்விகளின் பின்னால் என்னை அலைய வைத்தவர் எனது நண்பர் ஒருவர். ஒரே ஆசிரிய பீடத்தில் பல வருடங்களாக எதிரெதிர் மேசைகளில் இருந்து பணியாற்றியவர்கள் நாம். சில வருடங்களுக்கு முன்னர், அவருக்கு 56 வயதாக இருந்தபோது, மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குகிறது என்று மனைவி வற்புறுத்தியதன் பேரில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ட்ரெட்மில் இயந்திரத்தில் நடக்கவும் ஓடவும் வைத்துப் பரிசோதித்தார்கள். இதயத்தில் பிரச்சினை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டி, 'இன்னும் இருபது வருடங்களுக்கு என்னைச் சகித்துக்கொள்ள வேண்டும்' என்று பகிடி விட்டார். மூன்று மாதங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்திரிகையை விரித்து வைத்தபடியே கதிரையில் சரிந்துபோனார்.

செத்தவீட்டில் அவரது மனைவி என்னைக் கண்டதும் கேட்டது இதுதான். "நெஞ்சிலை ஒண்டும் இல்லையெண்டுதானே அண்ணை எழுதித் தந்தவை? பிறகு எப்பிடி?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் வாசித்தவற்றில் இருந்தும் இருதய நோய் நிபுணர்கள் சிலருடன் உரையாடியதில் இருந்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரின் மரணம்

அந்தச் சகோதரியின் கேள்வியை 2008 ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதுமே கேட்டது. என்.பி.சி. தொலைக்காட்சியின் 'மீட் த பிரெஸ்' நிகழ்ச்சியை 1991 ஆம் ஆண்டில் இருந்து நடத்திவந்த டிம் ரஸர்ட், அந்த வருடம் ஜூன் 13 ஆம் திகதி வாஷிங்டன் அலுவலகத்தில் ஞாயிறு நிகழ்ச்சிக்கான குரல்பதிவில் ஈடுபட்டிருந்தவேளை சரிந்து விழுந்து மரணமடைந்தார். அவருக்கு வயது 58. ஜனாதிபதி வேட்பாளர்களைக் கேள்விகளால் திணறடிப்பதில் பெயர்பெற்றவர் என்பதால் அந்த மரணம் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

ரஸர்ட் வைத்தியர்களைத் தவிர்த்து வாழ்ந்தவர் அல்லர். இதய நாடிகளில் நோய் இருப்பது அவருக்கும் வைத்தியருக்கும் தெரியும். மருந்துகளை எடுத்துவந்தார். உடற்பயிற்சியும் செய்துவந்தார். மரணத்துக்கு ஏறத்தாழ ஆறரை வாரங்களுக்கு முன்னர், ஏப்ரல் 29 ஆம் திகதி, அழுத்தப் பரிசோதனை ஒன்றில் நல்லமுறையில் தேறியும் இருந்தார். பிரேத பரிசோதனையில், இதயத்தின் முன்பகுதிக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் முக்கியமான இடது நாடியில் கொழுப்புப் படிவு ஒன்று வெடித்து, அந்த இடத்தில் குருதி உறைந்து பாதையை அடைத்திருந்தமை தெரியவந்தது.

ட்ரெட்மில் பரிசோதனை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் கூறியது. உடல் கடுமையாக உழைக்கும்போது இதயத் தசைக்குத் தேவையான அளவு குருதி கிடைக்கிறதா என்பதே அதனிடம் கேட்கப்படும் கேள்வி. பொதுவாக ஒரு நாடியின் பாதை எழுபது சதவீதமளவில் ஒடுங்கிய பிறகே அந்தத் தட்டுப்பாடு தெளிவாக வெளிப்படும். அதைவிடக் குறைவாக ஒடுங்கிய இடத்தில் என்ன குடியிருக்கிறது என்பதை அந்த இயந்திரத்தினால் கூறமுடியாது. எனது நண்பரின் அறிக்கையும் அத்தகையதே.

பாதையைக் காட்டிய படம்

இதய நாடிகளைப் படமெடுக்கும் கலையின் வரலாறு துணிச்சலும் தற்செயலும் கலந்தது. 1929 ஆம் ஆண்டு ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தனது கையின் நாளத்தினூடாகத் தானே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அது இதயத்தைச் சென்றடைந்ததை எக்ஸ்ரே படத்தின் மூலம் நிரூபித்தார். அன்று கண்டனத்துக்குள்ளான அந்தச் செயலுக்கு 1956 ஆம் ஆண்டில் வேறு இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய சாயத்தை இதயத்தின் சொந்த நாடிகளுக்குள் நேரடியாகச் செலுத்தினால் நோயாளி இறந்துவிடுவார் என்றே 1950களில் நம்பப்பட்டது. 1958 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் நடத்திய பரிசோதனை ஒன்றின்போது தற்செயலாகச் சாயம் நோயாளியின் வலது இதய நாடிக்குள் புகுந்துவிட்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார். அந்தத் தற்செயலில் இருந்து பிறந்ததே இன்று நாம் அஞ்ஜியோகிராம் என்று அழைக்கும் பரிசோதனை. பைபாஸ் சத்திரசிகிச்சையும் பலூன் சிகிச்சையும் ஸ்டெண்டும் அந்தப் படத்தின் துணையுடனேயே வளர்ந்தன.

ஆனால், அஞ்ஜியோகிராம் காட்டுவது நாடியினூடாகச் சாயம் ஓடும் பாதையை மாத்திரமே. நாடியின் சுவர் அதில் தெரிவதில்லை. வீதியில் வாகனங்கள் தடையின்றிச் செல்வதைப் பார்த்துவிட்டு, கரையோரத்து மதிலின் அத்திவாரம் உறுதியாக இருக்கிறது என்று எவரும் முடிவுக்கு வரமாட்டார்கள். ஆனால், இதய நாடிகள் விடயத்தில் மருத்துவ உலகம் பல வருடங்களாக ஏறக்குறைய அத்தகைய முடிவுக்கே வந்துகொண்டிருந்தது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சீமோர் கிளகோவும் சகாக்களும் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை உலுக்கியது. இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்த அவர்கள், சுவருக்குள் கொழுப்புப் படியத் தொடங்கும்போது நாடி வெளிப்புறமாக விரிந்து இடம்கொடுக்கிறது என்பதைக் கண்டனர். படிவு ஏறத்தாழ நாற்பது சதவீத இடத்தைப் பிடிக்கும் வரையில் உட்பாதை ஒடுங்குவதே இல்லை. நோய் முற்றிக்கொண்டிருக்கும்போதும் அஞ்ஜியோகிராமில் பாதை அழகாகத் தோன்றலாம். மாரடைப்புக்கு உள்ளானவர்களின் பழைய அஞ்ஜியோகிராம்களைத் தேடியெடுத்துப் பார்த்த வைத்தியர்களும், அடுத்த வருடமே ஒத்த செய்தி ஒன்றைச் சொன்னார்கள். பல சந்தர்ப்பங்களில், அடைப்பு ஏற்பட்ட இடம் முன்னைய படத்தில் பாரதூரமாக ஒடுங்கியிருக்கவில்லை.

பத்திரிகைத் தாளின் தடிப்பு

அப்படியானால் எந்தப் படிவு ஆபத்தானது? டெல்லியில் மருத்துவம் கற்று அமெரிக்காவில் உலகப்புகழ் பெற்ற நோயியல் நிபுணர் ரேணு விர்மானியும் சகாக்களும், மாரடைப்பினால் சடுதியாக இறந்தவர்களின் நாடிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து இதற்கு விடை தேடினர். வெடித்த படிவுகளில் பொதுவான ஓர் அமைப்பு காணப்பட்டது. உள்ளே களிபோன்ற கொழுப்புக் குவியல். அதைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும் உயிரணுக்கள். அதற்கும் ஓடும் குருதிக்கும் இடையில் நார்ப்பொருளாலான ஒரு மெல்லிய மூடி. அந்த மூடியின் தடிப்பு 65 மைக்ரோனுக்கும் குறைவு.

ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். நாளிதழ் அச்சாகும் தாளின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்ரோன். ஆயுள் முழுவதும் அந்தத் தாளுடன் காலத்தைக் கழித்த எனக்கு இந்தக் கணக்கைப் படித்தபோது சற்று நேரம் வேறெதுவும் ஓடவில்லை. அதனிலும் மெல்லிய ஒரு சவ்வு கிழிந்தால், உள்ளிருக்கும் கொழுப்பு குருதியைத் தொடுகிறது. உடல் அதைக் காயமென்று கருதிக் குருதியை உறையச் செய்கிறது. விரலில் வெட்டுப்பட்டால் எம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமே உள்ள இதய நாடியை அடைத்துவிடுகிறது. சில மரணங்களில், குறிப்பாகப் புகைப்பவர்களிலும் இளவயதுப் பெண்களிலும், மூடி வெடிக்காமல் மேற்பரப்பு அரிக்கப்பட்டே குருதி உறைகிறது என்பதையும் அதே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

வெடிக்கக்கூடிய இத்தகைய படிவை 'பலவீனப் படிவு' என்று கூறலாம். 1980களின் இறுதியில் அந்தப் பெயரை மருத்துவ இலக்கியத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டொக்டர் ஜேம்ஸ் முல்லர். அணுவாயுதப் போருக்கு எதிராகக் குரல்கொடுத்து 1985 ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற சர்வதேச வைத்தியர்கள் அமைப்பின் இணை நிறுவுநர்களில் ஒருவரும் அவரே.

சுவரைப் பார்க்கும் கண்கள்

ஆபத்து சுவரில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சுவரைப் பார்க்கும் முயற்சிகள் தொடங்கின. அவற்றை இரண்டு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நாடிக்குள்ளேயே சென்று பார்ப்பது. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை மிகச் சிறியதாக்கி, குழாயின் நுனியில் பொருத்தி இதய நாடிக்குள் செலுத்துகிறார்கள். சுவரில் எவ்வளவு படிவு இருக்கிறது என்பதை அது காட்டும். ஆனால், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கை விடச் சிறியதை அதனால் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. மெல்லிய மூடி அதன் பார்வைக்குத் தப்பிவிடும். 1991 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய வேறொரு முறை ஒலிக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்துகிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளி அது. பத்து இருபது மைக்ரோன் அளவுக்கு நுட்பமாகக் காட்டுவதால் மூடியின் தடிப்பையே அளக்கலாம். சுவருக்குள் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அந்த ஒளி ஊடுருவாது என்பதும், படமெடுக்கும் சில விநாடிகளுக்குக் குருதியை அகற்றியாக வேண்டும் என்பதும் அதன் குறைபாடுகள். அதே வகை ஒளியைக் கொண்டு படிவின் இரசாயனத்தை ஆராய்ந்து, கொழுப்பு எங்கே செறிந்திருக்கிறது என்று காட்டும் கருவியும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் இதயத்துக்குள் குழாய் செலுத்தவேண்டும். நோய் அறிகுறி எதுவுமில்லாத ஒருவருக்கு அதைச் செய்ய எந்த வைத்தியரும் முன்வரமாட்டார்.

இரண்டாவது வகை, வெளியில் இருந்து பார்ப்பது. மியாமியைச் சேர்ந்த ஆர்தர் அகட்ஸ்டனும் சகாக்களும் 1990 ஆம் ஆண்டில், சாயம் எதுவும் செலுத்தாமல் சி.ரி. ஸ்கேன் மூலம் இதய நாடிகளில் படிந்த கல்சியத்தை அளந்து புள்ளியிடும் முறையை வகுத்தனர். பழைய படிவுகளில் காலப்போக்கில் கல்சியம் சேர்வதால், நாடிகளில் மொத்தமாக எவ்வளவு நோய் இருக்கிறது என்பதை அந்தப் புள்ளி உணர்த்தும். ஆனால், இதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. நன்றாகக் கல்சியம் பிடித்து இறுகிய படிவு பெரும்பாலும் உறுதியானது. ஸ்டாட்டின் மருந்து எடுப்பவர்களில் ஆபத்து குறையும்போதே கல்சியப் புள்ளி கூடுவதுண்டு. புள்ளி பூச்சியமாக இருப்பது நல்ல செய்தி. கல்சியம் சேராத இளம் படிவு எதுவும் இல்லை என்பதற்கு அது உத்தரவாதமல்ல.

கையின் நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கப்படும் சி.ரி. அஞ்ஜியோகிராம் அடுத்த கட்டம். துடித்துக்கொண்டேயிருக்கும் இதயத்தைத் தெளிவாகப் படமெடுப்பது எளிதல்ல. துடிப்பை மட்டுப்படுத்த மருந்து கொடுத்து, ஈ.சி.ஜி.யுடன் இணைத்தே படம் எடுக்கிறார்கள். 2004 ஆம் ஆண்டளவில் 64 துண்டங்களை ஒரே சுற்றில் படமெடுக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு இம்முறை பரவலானது. மெல்லிய மூடி இதில் தெரியாது. ஆனால், கொழுப்பு நிறைந்த இருண்ட படிவு, வெளிப்புறமாக வீங்கிய நாடி, ஆங்காங்கே புள்ளிகளாகச் சிதறிய கல்சியம் போன்ற அடையாளங்கள் தெரியும்.

எடின்பரோ ஆய்வாளர்கள் 2014 ஆம் ஆண்டில் இன்னொரு வழியைக் காட்டினர். கதிரியக்கமுள்ள புளோரைட்டைச் சிறிதளவு செலுத்தினால், கல்சியம் இப்போதுதான் நுண்ணியதாகச் சேர்ந்துகொண்டிருக்கும் படிவுகளில் அது ஒட்டிக்கொள்ளும். மாரடைப்புக்கு உள்ளான 40 பேரில் 37 பேருக்கு, அடைப்பு ஏற்பட்ட அதே இடத்திலேயே அது மிகுதியாக ஒளிர்ந்தது.

கண்ட பின்னர் என்ன?

இவ்வளவையும் படித்த பிறகு, ஆபத்தான படிவைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் ஒரு ஸ்டெண்டை வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். 2011 ஆம் ஆண்டில் வெளியான 'ப்ரொஸ்பெக்ட்' ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. இருதய நோயுடன் அனுமதிக்கப்பட்ட 697 பேரின் மூன்று நாடிகளையும் உள்ளிருந்து அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்து, மூன்று வருடங்களுக்கும் மேலாக அவர்களைக் கண்காணித்தனர். மெல்லிய மூடி கொண்டவை என்று கருதத்தக்க 595 படிவுகள் காணப்பட்டன. அவற்றில் 26 மாத்திரமே பின்னர் தொல்லை கொடுத்தன. அந்தத் தொல்லைகளிலும் பெரும்பாலானவை நெஞ்சு நோவு அதிகரித்து மீண்டும் வைத்தியசாலைக்கு வந்தவையே தவிர மரணங்கள் அல்ல.

ஆகவே, ஆபத்தானவை என்று முத்திரை குத்தப்பட்டவற்றில் பெரும்பான்மை சத்தமில்லாமல் இருந்துவிடுகின்றன. சில வெடித்துத் தாமாகவே ஆறிவிடுகின்றன. சில காலப்போக்கில் இறுகிவிடுகின்றன. வேறு இடத்தில் புதியவை தோன்றுகின்றன. எது, எப்போது என்பதை எந்தப் படமும் இன்றுவரை கூறவில்லை.

தென்கொரியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 1,606 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024 ஆம் ஆண்டில் வெளியான 'ப்ரிவென்ட்' ஆய்வு, குருதியோட்டத்தைத் தடுக்காத பலவீனப் படிவுகளுக்கும் முன்கூட்டியே ஸ்டெண்ட் வைப்பதால் பயன் இருக்கலாம் என்று காட்டியது. இரண்டு வருடங்களில் பாதிப்புக்குள்ளானோர் மருந்து மாத்திரம் எடுத்தவர்களில் 3.4 சதவீதம்; ஸ்டெண்டும் வைத்தவர்களில் 0.4 சதவீதம். நம்பிக்கையளிக்கும் முடிவு என்றபோதிலும், இரு பக்கத்திலும் பாதிப்புக்குள்ளானோர் சிலரே என்பதையும் கவனிக்கவேண்டும். அதை வைத்து எல்லோருக்கும் ஸ்டெண்ட் என்று புறப்படமுடியாது.

எனக்கு அதிகம் பயனுள்ளதாகத் தோன்றியது ஸ்கொட்லாந்தில் 4,146 பேரிடம் நடத்தப்பட்டு 2018 ஆம் ஆண்டில் ஐந்து வருட முடிவுகளை வெளியிட்ட ஆய்வு. நெஞ்சு நோவுடன் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழமையான பரிசோதனைகளுடன் சி.ரி. அஞ்ஜியோகிராமும் எடுக்கப்பட்டது. அவர்களில் மாரடைப்போ இருதய நோய் மரணமோ நேர்ந்தது 2.3 சதவீதத்தினருக்கு, ஏனையோரில் 3.9 சதவீதத்தினருக்கு. ஐந்து வருட முடிவில் இரு பகுதியினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே ஸ்டெண்டும் பைபாஸும் செய்யப்பட்டிருந்தன. வேறுபாடு மருந்தில் இருந்தது. படத்தில் நோயைக் கண்ட வைத்தியர்கள் தடுப்பு மருந்துகளை எழுதினார்கள். தமது நாடியைக் கண்ணால் கண்டவர்கள் அவற்றை விழுங்கினார்கள். படத்தின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். எந்தப் படிவு வெடிக்கும் என்று அது சோதிடம் கூறாது. நோய் உள்ளவர் யார் என்பதைக் கூறும். மருந்து ஓர் இடத்துக்கு மாத்திரமல்ல, எல்லா நாடிகளுக்கும் போய்ச்சேருகிறது.

எங்களுக்குரிய கணக்கு

இந்த நோய் இக்கால உணவினாலும் சோம்பலினாலும் மாத்திரம் வந்தது என்றும் நினைக்கத் தேவையில்லை. எகிப்து, பெரு உட்பட நான்கு பிராந்தியங்களைச் சேர்ந்த 137 பண்டைய பதப்பட்ட உடல்களை சி.ரி. ஸ்கேன் செய்த ஆய்வாளர்கள், மூன்றில் ஒரு பங்கினரின் நாடிகளில் இந்நோயின் அடையாளங்களைக் கண்டதாக 2013 ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனித குலத்தின் பழைய நோய் இது. ஆனால், எம்மை அது முந்திக்கொண்டு வந்து பிடிக்கிறது. இலங்கையும் உள்ளடங்கிய 52 நாடுகளின் 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவுகளின்படி, தெற்காசியர்களுக்கு முதலாவது மாரடைப்பு வரும் நடுத்தர வயது 53. ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 59. புகைத்தல், கொலஸ்ட்ரோல், உயர் குருதி அழுத்தம், நீரிழிவு போன்ற வழமையான காரணிகளே இளவயதில் எம்மவரிடம் அதிகமாக இருக்கின்றன என்பதே அந்த ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

நண்பரின் மறைவுக்குப் பிறகு நானும் இருதய நோய் நிபுணர் ஒருவரிடம் போனேன். எனது தந்தையாரும் 61 வயதில் மாரடைப்பினாலேயே காலமானவர். கொலஸ்ட்ரோல் எல்லைக்கோட்டில் இருந்ததால் மருந்து தொடங்குவதா இல்லையா என்று தீர்மானிக்க கல்சியப் புள்ளி எடுக்கச் சொன்னார். கட்டணம் ஒரு சாதாரண குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. புள்ளி 96 என்று வந்தது. அந்த வைத்தியர் கூறியதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "இதை வைத்து உங்களுக்கு எப்போது என்ன நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், குளிசை வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது." அதற்கு மேல் எந்த ஸ்கேனும் தேவையில்லை என்றும் கூறினார். இரவு உணவுக்குப் பிறகு ஒரு குளிசை இன்று வரை தொடருகிறது.

நண்பரின் மூத்த மகன் கனடாவில் இருக்கிறார். வயது முப்பத்துமூன்று. கடந்த வருடம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, எந்த ஸ்கேன் எடுத்தால் நல்லது?" என்று கேட்டார். நான் வைத்தியன் அல்லன் என்பதைச் சொல்லிவிட்டு, தந்தையாருக்கு எத்தனை வயதில் என்ன நடந்தது என்பதை முதலில் குடும்ப வைத்தியரிடம் கூறும்படியும், குருதி அழுத்தத்தையும் கொலஸ்ட்ரோலையும் சீனியின் அளவையும் பார்க்கும்படியும் சொன்னேன். அவை மலிவான பரிசோதனைகள். ஸ்கேன் வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

மூன்று வாரங்களில் மீண்டும் அழைத்தார். குருதி அழுத்தம் சரி. கெட்ட கொலஸ்ட்ரோல் 170க்கு மேல். இப்போதைக்கு ஸ்கேன் தேவையில்லை, சிகிச்சையைத் தொடங்குவோம் என்று வைத்தியர் கூறியிருக்கிறார். தாயாரிடம் இதைச் சொல்வதா விடுவதா என்று தயங்கினார். சொல்லும்படி கூறினேன். அன்று மாலையே அந்தச் சகோதரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். செத்தவீட்டில் அவர் கேட்ட கேள்விக்கான பதிலை, இங்கே எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாக, அன்றுதான் அவருக்குச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இளைய மகனையும் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், எங்கே அனுப்பலாம் என்று விசாரித்தார்.